உப்புச் சுரங்கமும் அணுக்கழிவும்: அஸ்ஸேயின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

அணுக்கழிவை நிலத்தின் அடியாழத்திற் புதைத்து மூடிவிடலாம் என்ற கருத்து பெரும்பாலும் புவிச்சரிதவியல் சார்ந்த ஒரு பிரச்சினையாகவே பேசப்படுகின்றது. எப்பாறை உறுதியானது, எப்பாறையில் நீர் புகாது, எத்தனை ஆயிரம் ஆண்டுகள் அது அசையாதிருக்கும் என்பனவே வழக்கமாக எழுப்பப்படும் வினாக்கள். இவ்வினாக்கள் அவசியமானவை என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு குறித்த இடம் ஏன் தெரிவாயிற்று என்பதை வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, பாறையின் இயல்பைவிட வேறு காரணிகள் முந்திநிற்பதைக் காண்கிறோம். மேற்கு ஜேர்மனியின் அஸ்ஸே உப்புச் சுரங்கத்தை முன்வைத்து இதனை விளக்க முனைவோம்.

உப்பு தெரிவானமைக்கு ஓர் அறிவியல் நியாயம் உண்டு. பல கோடி ஆண்டுகளாக ஓர் உப்புப் படிவு கரையாது நிலைத்திருக்கிறதெனின், அங்கு நீரோட்டம் இருந்திருக்க முடியாது. மேலும், உப்பு அழுத்தத்தின்கீழ் மெல்ல நெகிழ்ந்து தன் வெடிப்புகளைத் தானே மூடிக்கொள்ளும். வெப்பத்தையும் நன்கு கடத்தும். 1957ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழுவொன்று இத்தகைய காரணங்களைக் காட்டி உப்புப் படிவுகளைப் பரிந்துரைத்தது. ஆனால், இந்நியாயம் மனிதன் கைபடாத உப்புக்கே முழுமையாகப் பொருந்தும் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். 1970இல் அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு தெரிவுசெய்ததோ, கான்சாஸ் மாநிலத்தின் லயன்ஸ் நகரில் உற்பத்தி நின்றுபோயிருந்த ஒரு சுரங்கத்தை. அப்பகுதி எண்ணெய்க்கும் வாயுவுக்குமெனத் துளையிடப்பட்ட பழைய கிணறுகளால் நிறைந்திருந்தது. அண்மையிலிருந்த மற்றொரு சுரங்கத்தில், உப்பைக் கரைத்தெடுக்கவெனச் செலுத்தப்பட்ட ஆறு இலட்சம் லீற்றருக்கும் அதிகமான நீர் போன இடமே தெரியாமல் மறைந்திருந்தது. மாநிலப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனத்தார் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்ட, 1972இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

லயன்ஸில் தடுக்கப்பட்டது அஸ்ஸேயில் நடந்தேறியது. கீழ்ச் சக்சனி மாநிலத்தில், வொல்ஃபன்பியூற்றல் நகருக்கு அண்மையிலுள்ள அஸ்ஸே குன்றுத்தொடரில், 1909 முதல் பொற்றாசும் பின்னர் கல்லுப்பும் அகழப்பட்டு வந்தன. அஸ்ஸே இரண்டு எனப்படும் இச்சுரங்கம் 1964இல் இலாபமற்றதென மூடப்பட்டது. அடுத்த ஆண்டே மத்திய அரசின் சார்பில் கதிர்வீச்சு ஆய்வுக்கான நிறுவனமொன்று அதனை வாங்கிக்கொண்டது. உப்பு விற்பனையாகாத நிலையில், உப்பு எடுத்த வெற்றிடமே விலைப்பொருளாயிற்று எனலாம். அதே குன்றிலிருந்த முதலாவது அஸ்ஸே சுரங்கம் 1906இல் நீர் புகுந்து கைவிடப்பட்ட செய்தி எவருக்கும் தெரியாததன்று. இரண்டாவது சுரங்கத்திலும், தென்புறத்தே அகழ்ந்தோர் உப்பின் விளிம்புவரை சென்றிருந்தமையால், சில இடங்களில் வெற்றறைக்கும் அயற்பாறைக்கும் இடையே சில மீற்றர் உப்பே எஞ்சியிருந்தது. உப்பின் நெகிழ்ச்சி இங்கு பாதுகாப்பாக அமையவில்லை. அயற்பாறையையே அசைத்து வெடிப்புறச் செய்தது.

1967க்கும் 1978க்கும் இடையில் ஏறத்தாழ 1,26,000 பெட்டகங்கள் இச்சுரங்கத்துள் இறக்கப்பட்டன. இவையனைத்தும் 'ஆய்வு' என்ற பெயரிலேயே நிகழ்ந்தன. ஆரம்பத்திற் பீப்பாய்கள் வரிசையாக அடுக்கப்பட்டன. 1970களிலோ, பாரமேற்றும் வண்டியால் அவற்றை அறையின் சரிவிற் கவிழ்த்து, மேலே உப்பைத் தள்ளி மூடும் முறை கையாளப்பட்டது. இவ்வாறு கவிழ்ப்பதால் அறியக்கூடிய அறிவியல் உண்மை யாது என்ற வினா எழுவது இயல்பே. கதிர்த்தொழிற்பாட்டின் பெரும்பங்கு கார்ல்ஸ்ரூ நிலையத்தினூடாக வந்தது. அதன் மூலத்தைத் தேடின், மின்சாரக் கம்பனிகளின் அணு உலைகளைச் சென்றடைகிறோம். வருவாய் கம்பனிகளிடமும் கழிவு அரசிடமும் சேர்ந்த இந்தப் பங்கீடு தற்செயலானதன்று.

சட்டநிலையும் இதற்கு இசைவாகவே இருந்தது. 1976இல் அணுச்சட்டம் திருத்தப்பட்டு, இறுதி வைப்பிடங்களுக்குப் பொதுமக்களின் ஆட்சேபங்களையும் கேட்டு நடத்தும் ஒழுங்குமுறையான அங்கீகாரம் கட்டாயமாக்கப்பட்டது. பழைய அனுமதிகள் 1978இன் இறுதியில் முடிவடைய, கழிவிறக்கமும் நின்றது. ஆனால், ஏற்கெனவே இறக்கப்பட்டவை தொடர்பில் அஸ்ஸே 2008ஆம் ஆண்டு வரை சுரங்கச் சட்டத்தின் கீழேயே நிர்வகிக்கப்பட்டது. சுரங்கம் நிலையற்றது, நீர் புகக்கூடியது என ஹான்ஸ் ஹெல்கே யூர்கன்ஸ் என்ற பொறியியலாளர் 1979இலேயே எழுதினார். பொறுப்பாளர்கள் அதனை ஏற்கவில்லை. 1988 முதல் உவர்நீர் கசியத் தொடங்கியது. பின்னர் நீண்டகாலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12,000 லீற்றர் என்ற அளவில் அது சேகரிக்கப்பட்டு வந்தது. சீசியம் கலந்த உவர்நீர் சுரங்கத்தினுள் இருப்பதைப் பொதுமக்கள் பரவலாக அறிந்தது 2008இலேயே. அடுத்த ஆண்டு, உள்ளேயிருக்கும் புளூட்டோனியத்தின் அளவு முன்னர் கூறப்பட்ட 9.6 கிலோகிராம் அன்று, ஏறத்தாழ 28 கிலோகிராம் எனத் திருத்தப்பட்டது.

இது முதலாளித்துவ அரசுக்கே உரிய நடத்தை எனக் கருதுவோர் எல்லைக்கு அப்பாலும் நோக்குதல் நன்று. ஜேர்மன் சனநாயகக் குடியரசு 1970களில் மோர்ஸ்லேபனிற் செய்ததும் இதுவே: உற்பத்தி முடிந்த ஒரு சுரங்கம், அதனுள் அணுக்கழிவு. நாடு ஒன்றிணைந்த பின்னரும் 1998 வரை அங்கு கழிவு இறக்கப்பட்டது.

இடத்தெரிவின் அரசியல் கோர்லேபனில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகின்றது. 1977 பெப்ரவரி 22ஆம் நாள், கீழ்ச் சக்சனியின் முதலமைச்சர் ஏர்ன்ஸ்ற் அல்பிரெக்ற் அவ்வூரை அறிவித்தார். மத்திய அரசு அதுவரை ஆராய்ந்து வந்த மூன்று உப்புக் குவிமாடங்களுள் அது இடம்பெற்றிருக்கவில்லை. குடித்தொகை குறைந்த, மூன்று புறமும் கிழக்கு ஜேர்மனியால் சூழப்பட்ட மாவட்டம் அது. ஆனால், கணக்கிற் கொள்ளப்படாதிருந்த விவசாயிகள் 1979 மார்ச்சில் உழவு இயந்திரங்களுடன் ஹனோவர் நோக்கிப் புறப்பட்டனர். அமெரிக்காவின் திறீ மைல் ஐலன்ட் விபத்து மார்ச் 28இல் நிகழ, 31ஆம் நாள் ஹனோவரில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் திரண்டனர். மே மாதத்தில் அல்பிரெக்ற், அங்கு அமையவிருந்த மீள்பதனிடும் ஆலையை அரசியல் ரீதியில் நிறைவேற்ற இயலாதெனக் கூறினார். உப்புக் குவிமாடம் பற்றிய ஆய்வோ தொடர்ந்தது. 2020 செப்ரெம்பரில், புதிய இடத்தெரிவுச் சட்டத்தின்படி நாடு முழுவதையும் ஒப்பிட்டு வெளியிடப்பட்ட இடைக்கால அறிக்கை, புவிச்சரிதவியற் காரணங்களைக் காட்டி கோர்லேபனைப் பட்டியலிலிருந்து நீக்கியது. விவசாயிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூறிவந்ததை ஆட்சியாளரின் ஆவணமும் கூற நேர்ந்தது.

அஸ்ஸேயைப் பொறுத்தவரை, கழிவை மீண்டும் வெளியே எடுப்பதே தக்க வழியென 2010இற் பொறுப்பான மத்திய நிறுவனம் முடிவுக்கு வந்தது. 2013இல் அது சட்டமாயிற்று. இதற்கெனப் புதிய சுரங்கவாய் ஒன்று அகழப்பட வேண்டும். மீட்கும் பணி 2033இல் தொடங்குமெனத் திட்டமிடப்பட்டது. கவிழ்த்துக் கொட்டியவர்கள் அவற்றைத் திரும்ப எடுக்க நேருமென எண்ணியிருக்கவில்லை. ஆகையால், 750 மீற்றர் ஆழத்திலுள்ள ஏழாம் அறையிற் பீப்பாய்கள் எந்நிலையிற் கிடக்கின்றன என்பதை அறிவதற்கே 2012இல் அதன் சுவரை நோக்கித் துளையிடத் தொடங்க வேண்டியிருந்தது.