ஆண்டவர்கள் விட்டுச் சென்ற குதிரைகள்

வரலாறு எழுதுவோர் தளபதிகளை மறப்பதில்லை. அவர்களைச் சுமந்த குதிரைகளை நினைப்போர் சிலரே. குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவு சென்றால், உடையவர் எவருமின்றித் திரியும் குதிரைகளை அதன் தென்புறப் புல்வெளிகளில் இன்றும் காணலாம்.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் குதிரையை நம்பி ஆண்டவர்கள். இக்குதிரைகளின் மூதாதையர் அவர்கள் காலத்தில் வந்தவை என்பர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோலன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் மேற்பார்வையில் அங்கே குதிரை வளர்ப்பு நடந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. இடிந்த லாயத்தின் தூண்களும், காட்டில் விடப்பட்ட குதிரைகளுமே எஞ்சின.

நெடுந்தீவில் நன்னீர் அரிது. கோடையில் குளங்கள் வற்றும்போது குதிரைகள் தாகத்தால் மடிகின்றன. வீழ்ந்து, எழ இயலாது துடிக்கும் ஓர் உயிரை என் செய்வது? மிருக வைத்தியரின் கையால் அதன் வேதனையை முடித்து வைப்பது அறமா, பாவமா?

இவ்வினாவை உலகம் முன்னரும் சந்தித்துள்ளது. 1928இல் காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று நோயால் துடித்தது. சிகிச்சையும் பணிவிடையும் பயனற்றுப் போனபின், ஊசி மருந்தினால் அதன் உயிரை முடிக்க அவர் இசைந்தார். அகிம்சைக்கு இழுக்கு என்று கண்டனங்கள் குவிந்தன. அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரித்தானியப் படை தன் குதிரைகளை எகிப்தில் விற்றுச் சென்றது. 1930இல் கெய்ரோவுக்கு வந்த டொரதி புரூக் என்னும் பெண்மணி, அவை முதுமையிலும் பாரவண்டி இழுத்து நலிவதைக் கண்டார். நன்கொடை திரட்டிச் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 விலங்குகளை விலைக்கு வாங்கினார். தேற்ற இயலாத பெரும்பாலானவற்றுக்குத் துன்பமற்ற சாவையே அளித்தார். 1934இல் அங்கே ஒரு விலங்கு மருத்துவமனையையும் நிறுவினார்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கன்றுக்கு முதலில் மருத்துவம் கிடைத்தது. கிழக்குதிரைகளைத் தேற்றும் வழி எஞ்சியிருக்கவில்லை. செய்யக் கூடியதையெல்லாம் செய்த கைக்கே கருணைக் கொலையின் உரிமை உண்டு. தண்ணீர் வார்த்தால் பிழைக்கும் குதிரையைக் கொன்றுவிட்டு அதைக் கருணை என்றால், அது செலவுக்கு அஞ்சியவர்களின் சொல்லே ஆகும். மறுபுறம், கால் முறிந்து பிழைக்க வழியற்ற குதிரையைக் காகங்கள் கொத்த விட்டுவிட்டு, கொல்லாமை காத்தோம் என்று மகிழ்வதும் அறமன்று.

2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு மட்டும் தாகம் தீர்க்காது. அத்தீவின் மக்களும் நன்னீருக்கு ஏங்குபவர்களே. ஆதலால் மனிதரா, குதிரையா என்று இருவரையும் மோதவிடுவது பொய்யான வழக்கு. குளங்களைத் தூர்வாரி மழைநீரைத் தேக்கினால் இருவரும் பிழைப்பர். முதலில் அது நடக்கட்டும். அதன் பின்னும் மீட்க இயலாத உயிர் ஒன்று துடிக்குமாயின், அதன் வேதனையைத் தீர்க்க மிருக வைத்தியரை அழைக்க நாம் தயங்க வேண்டியதில்லை.