வழிப்போக்கர் சாப்பாடு: கொல்லம் கடற்கரையிலிருந்து பிரானூர் பார்டர் வரை

சாரல் விழ ஆரம்பித்ததும் நம் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் விருந்தாளிகள். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா?" அடுத்தது, "பார்டர் கடைக்கு எப்போது போகிறோம்?" சில வீடுகளில் இரண்டாவது கேள்விதான் முதலில் வருகிறது.

சென்ற ஆண்டு சீசனில் என் மைத்துனர் குடும்பம் பாளையங்கோட்டையிலிருந்து வேனில் வந்தது. இருபது பேர். வீட்டில் இடம் போதாது என்று கீழே நம் பொது அரங்கில் இலை போட்டோம். வேன் ஓட்டுநரையும் கூப்பிட்டேன். அவர் அரங்கின் கதவில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்துப் பார்த்திருப்பார் போல. "பரவால்ல அண்ணாச்சி, இங்கேயே சாப்பிட்டுக்கிடுதேன்" என்று வேனுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். வெளியே மழை. பார்சல் கட்டிக் கொடுத்தோம். ஓட்டுநர்களுக்கும் பணியாளர்களுக்கும் அரங்கில் அனுமதி இல்லை என்ற விதி நாம் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்ததுதான். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

வழிப்போக்கர்கள் இந்தப் பக்கம் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நம் ஊர்ப் பெயரிலேயே பயணம் இருக்கிறது. வலசை என்றால் இடம்பெயர்ந்து போவது. அப்படிப் போய்க் குடியேறிய இடத்துக்கும் அதுவே பெயராக நின்றது. தென்காசியைச் சுற்றி வலசை என்று முடியும் ஊர்கள் பல. நமக்குப் பக்கத்திலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று மலையைக் கடந்து கொல்லத்துக்குப் போகும் பாதை நீண்ட காலம் வண்டிமாடுகளின் பாதையாக இருந்தது. ரயில் 1904இல் வந்தது.

அந்தக் கொல்லத்துக்கு, தென்காசி விசுவநாதர் கோயில் கட்டுவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே, வட ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா. 21 வயதில் மெக்காவுக்கு என்று கிளம்பியவர், ஊர் திரும்பி நிலைக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. 1340களில் மலபார்க் கரை, மாலத்தீவு, இலங்கை, மதுரை என்று சுற்றினார். நம் மலைப்பாதையில் அவர் வரவில்லை. ஆனால் கொல்லம் வரை வந்த கரையோரப் பாதையைப் பற்றி அவர் சொல்லியிருப்பது நமக்கு மிகவும் பழக்கமானதாகத் தோன்றும்.

வழி நெடுக மர நிழல். அரை மைலுக்கு ஒரு மர மண்டபம், உட்காரத் திண்ணை. எந்த மதத்தவரும் அதில் உட்காரலாம். ஒவ்வொன்றிலும் ஒரு கிணறு, தண்ணீர் கொடுக்க ஓர் ஆள். நம் தண்ணீர்ப் பந்தல்தான். ஆனால் உள்ளூர் இந்துவுக்குத் தண்ணீர் பாத்திரத்தில் கிடைக்கும். முஸ்லிம் பயணிக்குக் குவித்த கையில் ஊற்றுவார்கள். போதும் என்று சைகை காட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்குள் விடமாட்டார்கள். தங்கள் பாத்திரத்தில் அவர் சாப்பிட்டுவிட்டால் அதை உடைத்துவிடுவார்கள், அல்லது அவருக்கே கொடுத்துவிடுவார்கள். முஸ்லிம்கள் இல்லாத ஊரில் இந்துக்களே சமைத்து, வாழை இலையில் சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றுவார்கள். மிச்சம் நாய்க்கும் பறவைக்கும் போகும். மற்ற இடங்களில் முஸ்லிம்களின் வீடுகள் இருந்தன. பயணிகள் அங்கே தங்கினார்கள், அவர்கள் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் மட்டும் இல்லாவிட்டால் ஒரு முஸ்லிம் அந்த வழியில் பயணமே செய்ய முடியாது என்கிறார் அவர்.

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஊர் வழக்கம் என்று எழுதவைத்துவிட்டுப் போகிறார். அவருடைய நிஜமான வருத்தம் வேறு, சோறு! மாலத்தீவு, இலங்கை, சோழமண்டலக் கரை, மலபார் என்று மூன்று ஆண்டுகள் சோறு மட்டுமே தின்றதாகவும், கடைசியில் தண்ணீரைக் குடித்துத்தான் அதை விழுங்க முடிந்ததாகவும் புலம்புகிறார். கோதுமை ரொட்டியில் வளர்ந்த ஆள். வட இந்தியாவுக்குப் போய் மூன்றாம் நாளே இட்லி தேடும் நம்மவர்களுக்கு அவர் நிலைமை புரியும்.

அவர் ஊரில் பயணிகளுக்குச் சாவியா என்ற மடங்கள் இருந்தன. படுக்க இடமும் சாப்பாடும் கிடைக்கும். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவை சத்திரங்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சத்திரம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் இந்தச் சத்திரங்களைப் பற்றிய அருமையான ஆவணம். பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு. சமைத்ததை வேண்டாம் என்பவருக்கு அரிசியும் மளிகையும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று அறிவிப்பார்கள். நோயாளிக்கு வைத்தியரும் உண்டு. அந்த நள்ளிரவு மணியை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏதோ செய்கிறது.

எல்லா இடமும் அப்படி இல்லை. செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சமஸ்தானம் அரசுச் செலவில் நடத்திய ஊட்டுப்புரைகளில் பிராமணப் பயணிகளுக்குத்தான் இலவசச் சாப்பாடு. மற்றவர்கள் கட்டுச்சோற்றை நம்பினார்கள். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு இரண்டு நாள் கெடாது என்பது ஒரு காரணம். இன்னொருவர் கைப்பட்டதைச் சாப்பிடக் கூடாது என்பதும், நம்மை யாரும் உள்ளே விடமாட்டார்கள் என்பதும் மற்ற காரணங்கள். புளியோதரைக்கு இப்படி ஒரு பின்கதை இருப்பதை நாம் மறந்துவிட்டோம். இதே திருநெல்வேலிச் சீமையில், சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதற்காக 1924-25இல் தமிழ்நாடே இரண்டுபட்டது. பின்னாலும் பல ஆண்டுகள் ஓட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்தது.

இனி பரோட்டாவுக்கு வரலாம். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அதை நம்பியிருந்த திருவிதாங்கூருக்குப் பலத்த அடி. அரிசி தின்ற வயிறுகள் ரேஷன் கோதுமைக்குப் பழக வேண்டியிருந்தது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மேற்கே மலைக்குப் போய்விட்டது. ஆனால் பழைய எல்லையான பிரானூருக்குப் 'பார்டர்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எல்லையே இல்லாத இடத்தைப் பார்டர் என்று சொல்லி, அங்கே போய் வரிசையில் நிற்கிறோம்.

அந்தக் கடைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை அகலத்தில் மெத்தென்ற பரோட்டா, வாழை இலை, மேலே ஊற்றும் சால்னா, பிச்சுப்போட்ட நாட்டுக்கோழி. லாரிக்காரர், சபரிமலைக்குப் போய்விட்டு மாலையைக் கழற்றித் திரும்புகிறவர், அருவியில் குளித்த ஈரத்தலையோடு வருகிறவர், எல்லோரும் ஒரே பெஞ்சில். யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது "எத்தனை பரோட்டா?" என்பதை மட்டும்தான். காசு உள்ளவனுக்குத்தான் அந்த இலை, உண்மைதான். சரபோஜியின் மணி அங்கே அடிக்காது. ஆனாலும் ஊட்டுப்புரை செய்யாத ஒன்றை அந்தப் பெஞ்சு செய்தது.

மொராக்கோவில் ம்ஸெம்மென் என்று ஒரு ரொட்டி உண்டு. மாவை எண்ணெய் தொட்டு மெல்லிசாக விரித்து, மடித்து, கல்லில் போட்டு எடுப்பார்கள். பிரித்தால் அடுக்கடுக்காக வரும். காலையில் தேனோடும் புதினா டீயோடும் சாப்பிடுவார்கள். நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. இப்னு பதூதா அறுநூறு ஆண்டுகள் தாமதமாக வந்து, கொல்லத்திலிருந்து மலை ஏறி இறங்கியிருந்தால் சோற்றைப் பற்றிப் புலம்பியிருக்க மாட்டார். தண்ணீரும் டம்ளரில் கிடைத்திருக்கும்.

நம் அரங்கு விதிகள் அடுத்த பொதுக்குழுவில் மறுபரிசீலனைக்கு வருகின்றன. ஒன்பதாவது விதியை எடுத்துவிட வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பாத்திரம் கழுவுவது, இடம் அசுத்தமாவது பற்றிக் கவலைப்படுகிறவர்களின் பேச்சையும் கேட்போம். கூட்டம் முடிந்ததும் டிபன் உண்டு என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். காவலாளிகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடும்படி அவரைக் கேட்டிருக்கிறேன்.