எரிந்த மலையும் ஹிமாவும்

திருவண்ணாமலை நகருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலையில் ஒரு காலத்தில் சிறுத்தைகள் உலவின என்பது, அங்குள்ள குகைகளில் 1899 முதல் வாழ்ந்த ரமணரைப் பற்றிய வரலாறுகளால் தெரிகிறது. 1980களிலோ அதே மலை பாறையும் புல்லுமாய்க் கிடந்தது. விறகு வெட்டும் மேய்ச்சலும் ஒருபுறமிருக்க, கோடைதோறும் பரவிய தீயே மலையை மீளவிடாமல் அழுத்திற்று.

எரிந்த காடு தானே முளைக்காதா என வினவுவர் சிலர். முளைக்கும், எல்லா இடத்திலும் அன்று. 1988இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் ஏறத்தாழ 8 லட்சம் ஏக்கர் தீக்கிரையாயிற்று. ஆங்குள்ள ஒருவகைப் பைன் மரங்களுள் பலவற்றின் காய்கள் பிசினால் மூடுண்டவை. நெருப்பின் வெம்மை பட்டே வாய்திறந்து விதை சிந்துபவை. நடுவார் எவருமின்றி அங்கே இளம் பைன்கள் அடர்ந்தெழுந்தன. படைத்தவன் அம்மரத்திற்கு வைத்த ஏற்பாடு அது!

நம் மலையின் செய்தி வேறு. எலுமிச்சை மணம் கமழும் அந்த உயரப் புல் எளிதில் எரியும். மழை கண்டதும் தூரிலிருந்து மீண்டும் தழைக்கும். மரக்கன்றோ ஒரே தீயில் மடியும். உசிலையும் வெப்பாலையும் அடிக்கட்டையில் உயிரிருந்தால் துளிர்க்கும். தாய்மரமே அற்றுப்போன சரிவில் நடுவதன்றி வழியில்லை. அதே 1988இல் தோன்றிய அண்ணாமலை காடுவளர்ப்புச் சங்கமும், பின்னர் ஃபாரஸ்ட் வே அறக்கட்டளையும் இப்பணியில் இறங்கின. கன்றுகளை மேலே சுமந்து சென்று நட்டனர். கோடைக்கு முன் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடுகள் வகுத்தனர். இவ்விரண்டனுள் பின்னதே முதன்மையானது என்பேன். காவலற்ற கன்று அடுத்த பங்குனிக்கு இரை.

இக்காவலுக்கு நம் வரலாற்றில் 'ஹிமா' என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவை அடுத்த நகீஃ நிலத்தை ஹிமாவாக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் ரபதாவையும் அவ்வாறே ஒதுக்கினார்கள். ஹுனை என்பவரை ஹிமாவின் காவலராக நியமித்தார்கள். அவருக்கு அளித்த கட்டளையே நான் சொல்ல வந்தது: சில ஒட்டகமும் சில ஆடுமே உடைய ஏழையை உள்ளே விடு, இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற செல்வரின் மந்தைகளை விடாதே. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு கலீபாவின் வாயிலில் வந்து நிற்பான். பொன் கொடுப்பதிலும் புல் கொடுப்பது எளிதன்றோ?

அண்ணாமலையின் அடிவாரத்திலும் ஆடு மேய்ப்பவரும், கூரைக்குப் புல்லறுப்பவரும் உண்டு. அவரைக் காட்டின் பகைவராக்கி விரட்டுவோர் ஹுனைக்கு இட்ட கட்டளையை ஒருமுறை படிக்கலாம். கோடைக்கு முன் அறுபட்ட புல், தீக்குக் கிட்டாத புல்லல்லவா?