மானிப்பாயில் பிறந்த மருத்துவச் சொற்கள்



பல் வலிக்கிறது என்று வருபவர் விரலால் இடத்தைச் சுட்டிக் காட்டிவிடுவார். மருத்துவம் பயிலும் மாணவனுக்கு அது போதாது. வெட்டுப்பற்கள் 8, கோரைப்பற்கள் 4, முன்கடைவாய்ப்பற்கள் 8, பின்கடைவாய்ப்பற்கள் 12 என்று 32 பற்களையும் அவன் பெயரால் அறிதல் வேண்டும். பெயர் பிழைத்தால் நோயற்ற பல்லன்றோ பிடுங்கப்படும்!

பேச்சு வழக்கில் குருதிக் குழாயையும் நரம்பு என்கிறோம். தசையை எலும்போடு பிணைக்கும் நாரையும் நரம்பு என்கிறோம். உணர்வைக் கொண்டு செல்லும் இழையையும் நரம்பு என்கிறோம். கத்தியைக் கையில் எடுப்பவர் இம்மூன்றையும் ஒன்றாகக் கொள்ள இயலுமா? ஆகவேதான் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது தமனி, இதயத்திற்குக் கொண்டு வருவது சிரை, தசையைப் பிணைப்பது தசைநாண், உணர்வைக் கடத்துவது நரம்பு என்று வரையறுத்தனர். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பதே கலைச்சொல்லின் இலக்கணம்.

இத்துறையில் தமிழுக்கு உழைத்த முன்னோடி ஒருவர், கடல் கடந்து வந்தவர். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் 1822-ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், சமயத் தொண்டராக 1847-இல் இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதிக்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, இளைஞர்க்கு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால், அவ்வாறு பயின்றவர் பலர் கூடுதல் ஊதியம் தேடி வெளியூர் செல்லலாயினர். கிராமத்து நோயாளி முன்போலவே துணையின்றி நின்றான். தமிழில் பயின்றவர் தம் ஊரிலேயே தங்குவர் என்று கருதிய கிறீன், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார்.

கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். தமிழில் உள்ள சொல்லை முதலில் தேடுவது, இல்லையெனில் வடமொழியை நாடுவது, அங்கும் கிட்டாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைத்துக்கொள்வது என்பது அவர் கைக்கொண்ட முறை. மாணவர் துணையோடு உருவான நூல்களுள் ‘இரண வைத்தியம்’ 1867-இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இலும், ‘கெமிஸ்தம்’ 1875-இலும் வெளிவந்தன. இவற்றுள் கடைசிப் பெயர், ஆங்கிலச் சொல் தமிழுருப் பெற்றதற்கு நல்ல சான்று.

எனினும் காலம் அவர் எண்ணியவாறு செல்லவில்லை. 1870-இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. அரசாங்க உத்தியோகமும் அவ்வழியே சென்றது. கிறீன் 1873-இல் தாயகம் திரும்பி, 1884-இல் ஊஸ்டரில் மறைந்தார். மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் வழங்கிய சொற்கள் பல மாறிவிட்டன. அங்காதிபாதம் இன்று உடற்கூற்றியல். கெமிஸ்தம் இன்று வேதியியல். சொல் மாறியதனால் உழைப்பு வீணாயிற்று என்று கொள்ளலாகாது. அறிவியலைத் தமிழில் சொல்ல இயலுமா என்னும் ஐயத்திற்கு அவர் வாதத்தால் விடை கூறவில்லை. வகுப்பறையில் கற்பித்துக் காட்டினார்.

மருத்துவம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு சொல். நுங்கள் பாடநூல் எம்மொழியிலும் இருக்கலாம். நுங்கள் முன் அமரும் நோயாளி தம் நோயைத் தாய்மொழியிலேயே உரைப்பார். அம்மொழியிலும் பெயர்களை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் கூறுவது நுமக்கும், நீவிர் கூறுவது அவருக்கும் விளங்கிய பின்னரே மருந்து தன் வேலையைத் தொடங்கும்.