பிறந்தநாள் பையும் பழைய தாம்பூலமும்



பிறந்தநாள் விருந்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் 'பார்ட்டி பேக்' கொடுத்தே ஆக வேண்டுமா? கிள்ளான் பள்ளத்தாக்கில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. விடை காண, நம் நாட்டு வழக்கங்களையே சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

விருந்தினரை வெறுங்கையோடு அனுப்பாத பண்பு மூவினத்தார்க்கும் பொது. தமிழர் திருமணங்களில் வெற்றிலை, பாக்கு, தேங்காய் கொண்ட தாம்பூலம். மலாய்க்காரர் திருமணங்களில் 'பூங்கா தெலோர்' எனப்படும் பூச்சூட்டிய அவித்த முட்டை. சீனர் இல்லங்களில் குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும் சிவப்புச் சாயமிட்ட முட்டை. வெற்றிலையும் முட்டையும் எளியவராலும் தரக்கூடியவை. வாழ்த்தே அவற்றின் பொருள், விலை அன்று.

காலப்போக்கில் முட்டையின் இடத்தில் கேக்கும் மிட்டாயும் வந்தன. தாம்பூலப் பைக்குள் எவர்சில்வர் கிண்ணம் புகுந்தது. பிறந்தநாள் பையும் அவ்வழியே பெருத்தது.

கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்த கடமைகள் என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் விளக்கினார். இங்கேதான் சிக்கல் எழுகிறது. கனத்த பையை ஏற்ற பிள்ளை, தன் முறை வரும்போது என்ன செய்யும்? அன்றாடக் கூலியில் வாழும் வீட்டுப் பிள்ளை தன் பிறந்தநாளையே வகுப்பில் மறைக்கிறது!

ஆகவே, கொடுப்பதாயின் எவரும் திருப்பித் தரக்கூடியதைக் கொடுப்போம்: ஒரு பென்சில், வீட்டில் சுட்ட முறுக்கு. கொடாவிடினும் குறையில்லை. வாசல்வரை வந்து வழியனுப்புவதும் நம் பழைய பண்புதானே?