இஞ்சினின் மூச்சு

மோட்டார் வண்டியின் வலிமைக்குக் காரணம் யாது என்று வினவினால், பெட்ரோல் என்றே பலரும் விடை பகர்வர். அது பாதி உண்மை. ஒரு பங்கு பெட்ரோல் முற்றிலும் எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய அளவு செலுத்துவது எளிது. அதற்கேற்ற காற்றைப் புகுத்துவதுதான் அரிது. பந்தய இஞ்சின்களின் வரலாறு பெரும்பாலும் இந்த மூச்சின் வரலாறே. அதில் ஓர் அத்தியாயத்தை, அமெரிக்க நாட்டில் 1964-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை, இங்கே நாம் காண்போம்.

பிஸ்டன் கீழிறங்கும்போது ஸிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. அது நுழையும் வாயில், ஸிலிண்டரின் தலைப்பகுதியில் அமைந்த வால்வு. நிமிஷத்துக்கு 7,000 சுற்று சுழலும் இஞ்சினில், பிஸ்டன் ஒரு முறை கீழிறங்கும் நேரம் ஒரு வினாடியை ஆயிரம் கூறிட்டால் நான்கு கூறுக்குச் சற்றே அதிகம். திருவிழா நாளில் கோயிற் பிராகாரம் எவ்வளவு விசாலமாயிருந்தால் என்ன? கோபுர வாயில் குறுகலாயின், நடை சாத்துமுன் உள்ளே புகுந்தவர்க்கே தரிசனம். இஞ்சினின் நிலையும் அத்தகையதே.

நாஸ்கார் என்னும் அமெரிக்கப் பந்தய அமைப்பு, இஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 7 லிட்டருக்கு மேற்படலாகாது என்று 1963-இல் வரம்பு விதித்தது. பிராகாரத்தை மேலும் விரிக்க வழியில்லை. வாயிலைத்தான் திருத்த வேண்டும். அப்போது கிரைஸ்லர் நிறுவனத்தாரிடம் 426 கன அங்குல இஞ்சின் ஒன்று இருந்தது. அதன் எரியறை ஆப்பு வடிவினது. இரு வால்வுகளும் ஒரே வரிசையில் அருகருகே நின்றன. ஆகவே காற்று நுழையும் வால்வின் விட்டம் 2.08 அங்குலத்தோடு நின்றுவிட்டது.

டாம் ஹூவர் முதலிய பொறியாளர்கள் பழைய கருத்தொன்றை மீண்டும் கையிலெடுத்தனர். எரியறையை அரைக்கோளமாக அமைத்து, வால்வுகளை எதிரெதிர்ப் புறமாகச் சாய்த்து வைப்பதே அது. இரண்டாம் உலகப் போரின்போது அந்நிறுவனம் இவ்வமைப்பில் 16 ஸிலிண்டர் விமான இஞ்சின் ஒன்றை உருவாக்கியிருந்தது. 1951-இல் கார்களிலும் அதனைப் பொருத்தியிருந்தது. புதிய பந்தய இஞ்சினில் அந்த வால்வின் விட்டம் 2.25 அங்குலமாயிற்று. வித்தியாசம் அற்பமெனத் தோன்றலாம். ஆனால் பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே வாயில் ஆறில் ஒரு பங்கு விரிந்தது. அன்றியும், திறக்கும் வால்வு ஸிலிண்டரின் சுவரை விட்டு விலகி நடுப்புறம் நோக்கிச் சென்றமையால், காற்று தடையின்றிப் பாய்ந்தது. கொள்ளளவோ அதே 426 கன அங்குலம்.

முயற்சி எளிதாக முடியவில்லை. பந்தயம் நெருங்கிய வேளையில், சோதனை இஞ்சின்களின் ஸிலிண்டர்ச் சுவர்கள் புதிய வலிமையைத் தாங்காது வெடிப்புக் கண்டன. சுவர்களைக் கனமாக்கி, அவசரம் அவசரமாக மீண்டும் வார்த்தனர். 1964 பிப்ரவரியில் டேடோனா 500 மைல் பந்தயத்தில் ரிச்சர்டு பெட்டி, ஜிம்மி பார்டூ, பால் கோல்ட்ஸ்மித் ஆகியோர் பிளிமத் கார்களில் முதல் மூன்று இடங்களையும் பெற்றனர். முந்தைய ஆண்டில் முதல் வரிசையின் முதலிடத்தைப் பெற்ற வேகம் மணிக்கு ஏறத்தாழ 161 மைல். இவ்வாண்டில் 175 மைல்.

ஆனால் இஞ்சின் கண்ட முன்னேற்றத்தை டயர் காணவில்லை. டேடோனாவில் இரண்டாமிடம் பெற்ற ஜிம்மி பார்டூ, அவ்வாண்டு செப்டம்பரில் சார்லட் நகருக்கு அருகே நடந்த டயர்ச் சோதனை ஓட்டத்தில் டயர் வெடித்து உயிர் நீத்தார். வேகத்தைப் படைத்த அறிவு, அதைத் தாங்கும் அறிவை முந்திச் சென்றுவிட்டது. டயருக்குள் மற்றொரு பாதுகாப்பு உறை வைக்கும் முறை பின்னரே வழக்கிற்கு வந்தது.

பொதுமக்களுக்கு விற்கப்படாத இஞ்சின் பந்தயத்துக்கு ஆகாது என்று 1965-ஆம் ஆண்டுக்கு நாஸ்கார் விதி செய்தது. கிரைஸ்லர் நிறுவனத்தார் அவ்வாண்டின் பெரும்பகுதி பந்தயங்களைப் புறக்கணித்தனர். 1966-இல் சாலைக் கார்களிலும் அதே இஞ்சினை 425 குதிரைத் திறனுடன் விற்பனைக்குக் கொணர்ந்து களம் புகுந்தனர். 1967-இல் பெட்டி ஒரே பருவத்தில் 27 பந்தயங்களை வென்றார்.

இன்று ஸிலிண்டர் தலையைத் தனியே ஒரு சோதனை மேடையில் பொருத்தி, நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று செல்கிறது என்று அளக்கின்றனர். 8 ஸிலிண்டர்ப் பந்தய இஞ்சினில், வழக்கமான சோதனை அழுத்தத்தில் ஒவ்வொரு வாயிலும் ஒரு கன அடி கூடுதலாகக் காற்றை விட்டால், ஏறத்தாழ 2 குதிரைத் திறன் கூடலாம் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. ஆயினும் வாயிலை மிதமிஞ்சி அகலமாக்கினால் குறைந்த சுழற்சியில் காற்றின் ஓட்டம் தளர்ந்து வலிமையும் குன்றும்.

பெரிய உடல் மட்டும் வலிமையாகாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. அதனோடு மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது: ஓர் உறுப்பின் ஆற்றலைப் பெருக்குவோர், அதைத் தாங்கவேண்டிய மற்ற உறுப்புகளையும் உடனே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எண்ணத் தாமதித்ததன் விலை, ஒரு மனித உயிர்.