அடங்கிப்போன ஓசை: மட்டாஞ்சேரிப் பணிமனையும் ஈயமற்ற பெட்ரோலும்

மட்டாஞ்சேரியின் வரலாற்றை எழுதுவோர் மிளகுக் கிடங்குகளையும், 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் ஜெபாலயத்தையும், டச்சு அரண்மனையையும் பேசி முடித்துவிடுவது வழக்கம். அவ்வூர்ச் சந்துகளில் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய கார்ப் பணிமனைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது ஏடுகளில் இல்லை. என்ஜின்களுக்குள் படிந்து கிடக்கிறது.

அண்மையில் அத்தகைய பணிமனை ஒன்றில் ஓர் அம்பாசிடர் காரின் ராக்கர் கவரைக் கழற்றுவதை அருகிலிருந்து கண்டேன். உள்ளே கரியோ களிம்போ இல்லை. இரும்பின் மேல் தேநீர் நிறத்தில் மெல்லிய பூச்சு மட்டுமே இருந்தது. எழுபதைக் கடந்த அந்தத் தமிழ் மெக்கானிக் சொன்னார்: "டேப்பட் சத்தம் வந்தா பயமில்ல தம்பி. சத்தம் நின்னு போச்சுன்னாதான் பயம்." இந்தச் சொல்லுக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

தொடக்க கால அம்பாசிடரில் இருந்தது 1476 சிசி பக்கவாட்டு வால்வு என்ஜின். வால்வுகள் சிலிண்டருக்கு அருகே தாழ்வாக அமைந்திருந்தமையால், இடைவெளியைச் சரிசெய்வது கை நுழையாத வேலை. 1959-இல் அதற்கு மாற்றாக பி.எம்.சி. நிறுவனத்தின் 1489 சிசி 'பி' வரிசை என்ஜின் வந்தது. வால்வுகள் மேலேறின, மூடியைத் திறந்தால் எட்டு ராக்கர்களும் கண்முன் நின்றன. சாதாரணத் தெருமுனைப் பணிமனைக்கும் இவ்வேலை கைகூடியது இதனால்தான்.

வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி 0.015 அங்குலம், ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். பணிமனை வழக்கில் 'பதினைந்து தௌ'. சூட்டில் இரும்பு நீளும். அந்த நீட்சிக்கென விடப்படும் இடமே இது. எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதல் வால்வைச் சரிசெய்ய வேண்டும். ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவதை. இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய கணக்கு இது.

இடைவெளி மிகுந்தால் 'டக் டக்' என்ற ஓசை எழும். பெரும்பாலும் உடனடி ஆபத்து இல்லை. இடைவெளி அற்றுப்போனால் ஓசை அடங்கும். ஆனால் வால்வு முழுதாக மூடாது. கழிவு வாயு வெளியேறும் வால்வு தன் வெப்பத்தைப் பெரிதும் இழப்பது, மூடியிருக்கும் நேரத்தில் வால்வு சீட்டின் வழியாகத்தான். அது சரியாக அமராவிட்டால் விளிம்பு கருகித் தின்னப்படும்.

இங்கேதான் பெட்ரோலின் வரலாறு குறுக்கிடுகிறது. 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, என்ஜின் 'நாக்' அடிப்பதைத் தடுக்க டெட்ராஎதில் ஈயம் உதவும் எனக் கண்டறிந்தார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. எவரும் எண்ணிச் சேர்க்காத இன்னொரு பயனும் அதற்கு இருந்தது: எரிந்த ஈயத்தின் உப்புகள் வால்வு சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்பும் இரும்பும் ஒட்டித் தேய்வதைத் தடுத்தன. அதே ஈயம் காற்றில் கலந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. எனவே அதை நீக்கியது முற்றிலும் சரியான முடிவு. இந்தியாவில் 1995-இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாகி, 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் அதுவே நடைமுறையானது. உலகில் கடைசியாக 2021-இல் அல்ஜீரியா ஈயத்தைக் கைவிட்டது.

ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட் கொண்ட வண்டிகளில், காப்புப் படலம் இழந்த சீட்டுகள் மெல்லத் தேய்ந்தன. சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறும், இடைவெளி குறையும், ஓசை அடங்கும். உரிமையாளர் 'வண்டி நன்றாக ஓடுகிறது' என்று மகிழ்ந்திருக்கும் வேளையில் வால்வு கருகத் தொடங்கியிருக்கும். முறையாக ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தவர்களுக்கே இந்தத் தேய்மானம் முன்கூட்டித் தெரிந்தது. அவர்கள் கடினப்படுத்திய சீட் வளையங்களைப் பொருத்தித் தப்பினர்.

மட்டாஞ்சேரிக்கே உரிய ஒரு முரணும் உண்டு. நெடுஞ்சாலை வேகம்தான் சீட்டை விரைந்து தேய்க்கும். குறுகிய தெருக்களில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அத்துன்பம் குறைவு. ஆனால் பஜார் சாலையிலிருந்து தோப்பும்படி வரை சென்று திரும்பும் சிறு பயணத்தில் என்ஜின் முழுச்சூடு அடைவதில்லை. பெட்ரோல் எரிகையில் உண்டாகும் நீர் ஆவியாகாமல் எண்ணெயில் கலந்து, ஆயில் மூடியின் அடியில் மோர் நிறக் களிம்பாகத் திரளும். வேகமான சவாரி சீட்டைத் தின்றது. மெதுவான சவாரி எண்ணெயைக் கெடுத்தது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: உரிய நேரத்தில் மூடியைத் திறந்து பார்ப்பது, உரிய நேரத்தில் எண்ணெயை மாற்றுவது.

எண்ணெய் கறுத்தால் கெட்டுவிட்டது என்பது பொது நம்பிக்கை. அழுக்கு நீக்கும் சேர்மங்கள் கலந்த எண்ணெய், கரித்துகளை உலோகத்தில் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்ளும். ஆகவே அது கறுப்பது வேலை செய்வதன் அடையாளம். மாற்றாமல் விடுவதே கேடு.

இன்றைய கார்கள் பலவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் தாமே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட்டுகள் உள்ளன. 1930-இலேயே காடிலாக் வி-16 காரில் அத்தகைய ஏற்பாடு இருந்தது. ஆனால் அதன் நுண்துளைகள் அழுக்கு எண்ணெயால் அடைபட்டால் அதுவும் தோற்கும். திருகு மறைந்தாலும் தூய்மையின் தேவை மறையவில்லை.

2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. அக்கார் அருங்காட்சியகத்தில் நிற்கும், வண்ணமும் பளபளக்கும். அந்த 'ஒன்பது' கணக்கை அறிந்த விரல்களை எங்கே காப்போம்? உங்கள் குடும்பத்தில் பழைய பணிமனைக் குறிப்பேடுகளோ டாக்ஸிக் கணக்குப் புத்தகங்களோ இருப்பின், அவற்றைப் பழைய தாளாக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்னூட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள். நேரில் வந்து படியெடுத்துக்கொள்கிறேன்.